படுத்துப் பார்த்தவர்

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது மன்னார்குடியில் ஒரு வாத்தியார் வீட்டுக் கூடத்தில் மல்லாந்து கிடந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கை இரண்டும் நெஞ்சின் மேல், கண் திறந்தபடி. வாத்தியார் சம்சாரம் காபி டபராவோடு அவரைச் சுற்றிக்கொண்டு போனார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முதல் வீடு, அங்கே ஒரு ஆள் செத்துக் கிடக்கிறாரே என்று "ஐயையோ!" என்று கத்திவிட்டேன்.

கிடந்தவர் அசையவில்லை. "கத்தாதீங்க. கவனம் கலையுது" என்றார்.

சோலார் கம்பெனி என்றதும் ஏதோ பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கடைத்தெருவில் ஒரு மாடி அறை, ஒரு முதலாளி, ஒரு எலக்ட்ரீஷியன், இரும்புச் சட்டம் நிறுத்த இரண்டு பேர், வீடு வீடாகப் போய் பேனல் விற்க வாயாடி ஒருத்தி. அந்த வாயாடிதான் நான். அப்புறம் இவர், சைட் சூப்பர்வைசர். சிவில் டிப்ளமோ படித்தவர். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாளெல்லாம் மொட்டை மாடி.

அவர் சட்டையை முன்பக்கம் பார்த்தால் சலவை மடிப்புக் கலையாமல் இருக்கும். பின்பக்கம் பார்த்தால் அன்றைக்கு எந்த மாதிரி வீட்டில் படுத்து எழுந்தார் என்று சொல்லிவிடலாம். சிவப்புத் தரை என்றால் செம்மண் நிறத்தில் ஒரு சாயம். கட்டி முடியாத வீடு என்றால் சிமெண்ட். ஒரு நாள் யார் வீட்டுப் பூஜை அறையிலோ படுத்துவிட்டு, முதுகில் பாதிக் கோலத்தோடு ஆபீஸுக்கு வந்தார். "சார், உங்க சபையில இதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றேன். "அந்தம்மா புள்ளி வெச்சுக் கோலம் போட்டிருந்தாங்க. அழிச்சுட்டேனேன்னு மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார். அந்த வீட்டுக்கு மறுநாள் கோலமாவு வாங்கிக் கொடுத்தனுப்பியவர் அவர்.

எதற்காகப் படுத்தார் என்பதைச் சொல்கிறேன். பேனலைத் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்குக் கால்கள் உண்டு. காற்றில் பறக்காமல் இருக்க, அந்தக் கால்களை மாடித் தளத்தில் துளை போட்டு, போல்ட் இறக்கி முடுக்க வேண்டும். நல்லா இருக்கிற மாடியில் நாமே போய் ஓட்டை போடுகிறோம். அந்த ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால், வெயிலை வாங்க வந்த சாமான் மழையையும் வீட்டுக்குள் வாங்கிக் கொடுத்துவிடும். பேனல் இருக்கப்போவது இருபது இருபத்தைந்து வருஷம். ஒழுகினால் கழற்றி மாட்டுவது பெரிய ரோதனை.

மற்ற கம்பெனிக்காரர்கள் போல்ட்டை முடுக்கி, அதைச் சுற்றி ஒரு கோடு சிலிகான் பசையைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "கண்ணுக்கு மை வெச்சுட்டுப் போறான்" என்பார். இவர் துளைக்குள் இருக்கிற தூசியைக் கைப்பம்பால் ஊதுவார், பிரஷ்ஷை விட்டுச் சுழற்றுவார், மறுபடி ஊதுவார். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், தளத்தைப் பிடிக்காது என்பார். அப்புறம் துளை நிறைய, போல்ட்டைக் கவ்விப் பிடிக்கிற ரசாயனப் பசை, போல்ட், காலின் தட்டுக்கு அடியில் பசை, மேலே தண்ணீர் இறங்காத கலவையில் சின்ன மேடை. மேடையின் ஓரம் நாலு பக்கமும் சரிவாக இருக்க வேண்டும். காலடியில் தண்ணீர் நிற்கக் கூடாது.

இத்தோடு விட்டிருந்தால் முதலாளி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார். இவர் விடவில்லை. கலவை காய்ந்ததும் வாய்க்காலிலிருந்து ஒரு சட்டி களிமண் எடுத்துவரச் சொல்வார். ஒவ்வொரு காலையும் சுற்றி வரப்பு போட்டுப் பாத்தி கட்டுவார். பாத்தி நிறையத் தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி பூரா நிற்கவிடுவார். பக்கத்து மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன சார், மேட்டூர்ல தண்ணி தெறந்துட்டாங்களா? குறுவையா சம்பாவா?" என்பார்கள். இவரும் சளைக்காமல், "நாத்துதான் கெடைக்கல. உங்க வீட்ல இருந்தா குடுங்க" என்பார்.

காலையில் வந்து, கீழே இறங்கி, ஒவ்வொரு காலுக்கும் நேர் கீழே தரையில் படுப்பார். அது கூடமோ, படுக்கையறையோ, மாமியார் மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறையோ, அவருக்குக் கவலை இல்லை. அரை மணி நேரம் வரைக்கும் சீலிங்கையே பார்ப்பார்.

"ஏன் சார், நின்னு பாத்தா தெரியாதா?" என்று கேட்டேன்.

"நின்னு பாத்தா கழுத்து வலிக்கும், சரின்னு சொல்லிட்டு வந்துடுவோம். ஊறி வர்ற ஈரம், ஓதம், மெதுவாத்தான் முகத்தைக் காட்டும். படுத்தாத்தான் அதுகூட மல்லுக்கட்ட முடியும்."

"உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"கர்த்தரை நம்புறேன். கலவையை நம்ப மாட்டேன்."

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. அதையும் சொல்லியாக வேண்டும். "இந்த ஜில்லாவுல என் கால்ல ஒழுகுதுன்னு எவனாவது சொல்லட்டும்" என்று டீக்கடையில் நின்று சத்தமாகச் சொல்வார். புதிதாகக் கேட்கிறவர்கள் அவர் காலைக் குனிந்து பார்ப்பார்கள். என்னிடம் பொல்லாத சண்டை போடுவார். நான் வாடிக்கையாளரிடம் ரெண்டு நாளில் முடித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். இவர் பாத்தி கட்டி, தண்ணீர் விட்டு, படுத்து எழுந்து, ஒரு காலில் ஈரம் தெரிகிற மாதிரி இருக்கிறது என்று உடைத்துத் திரும்பப் போட்டு, வாரத்தை ஓட்டிவிடுவார். திட்டு வாங்குவது நான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலாளியும் கத்துவார்.

"வேற கம்பெனிக்காரன் காலையில வர்றான், சாயங்காலம் சுவிட்சு போடுறான். நீங்க என்னய்யா வீடு வீடாப் போய் விவசாயம் பண்ணிட்டு இருக்கீங்க?"

"அவன் சுவிட்சு போட்டுட்டுப் போயிடுறான் சார். மழை பெய்யறப்ப அந்த வீட்ல யாரு இருக்கா? அவங்கதானே இருக்காங்க."

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. எங்கள் கம்பெனி போட்ட எந்த வீட்டிலிருந்தும் ஒழுகுகிறது என்று போன் வரவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பாத்தி கட்டித் தண்ணீர் விடுவதால் எங்கள் ஆட்கள் அவருக்கு 'தண்ணி சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனிதர் சோடா தவிர வேறெதையும் தொடாதவர். அந்தப் பெயரால் திருவிடைமருதூரில் ஒரு கூத்து நடந்தது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். அவர் மனைவி சாவியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். இவர் உள்ளே கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில் படுத்திருக்கிறார். வீட்டுக்காரர் ஒரு நாள் முன்னதாகத் திரும்பிவிட்டார். படுக்கையறையில் முன்பின் தெரியாத ஆள் மல்லாந்து கிடந்தால் என்ன செய்வார் மனுஷர்? "யாருய்யா நீ?" என்று ஒரு சத்தம். எங்கள் எலக்ட்ரீஷியன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, நல்ல பிள்ளையாக, "ஒண்ணுமில்ல சார், அவரு நம்ம தண்ணி சார்தான், சித்த நேரம் படுத்திருப்பாரு, எந்திரிச்சுடுவாரு" என்றிருக்கிறான்.

அவ்வளவுதான். தெருவே கூடிவிட்டது. நான் பஸ் பிடித்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, ஆளாளுக்கு வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "நல்லா மோந்து பாருங்க. ஆனா நான் இன்னும் ஒரு கால் பாக்கணும்" என்று எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். கடைசியில் வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து சீலிங்கைப் பார்த்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், பேனலுக்குக் கால் நிறுத்துவதற்கு முன்னால், கைப்பிடிச் சுவரில் இரண்டு கொக்கி அடித்துத் துணி காயப்போட ஒரு நல்ல கொடி கட்டிக் கொடுத்துவிடுவார். கயிறு, கொக்கி எல்லாம் அவரே கொண்டுவருவார். பெண்களுக்கு ஏக சந்தோஷம். "எவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யிறாரு" என்று என்னிடம் புகழ்வார்கள். நானும் அவருடைய நல்ல மனசு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவரே விஷயத்தை உடைத்தார்.

"நல்ல மனசும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் கொடி கட்டலேன்னா அவங்க நம்ம சட்டத்துக் கால்ல கட்டுவாங்க. ஈரப் போர்வையைப் போட்டு இழுப்பாங்க. நித்தம் இழுத்தா கால் ஆடும். கால் ஆடினா அடைப்பு விட்டுடும். எந்த வீட்லயும் மாடியில ஒரு கம்பி நின்னா அதுல கொடி கட்டாம இருக்க மாட்டாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான்."

அவர் வேலையின் சூட்சுமமே எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மழையை மட்டும் பார்த்து அவர் அடைக்கவில்லை. அந்த வீட்டில் இருக்கிறவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று யோசித்து அடைத்தார். அப்படிப்பட்டவருக்கே ஒரு இடத்தில் பிசகியது.

வலங்கைமானுக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். அஞ்சலை அக்கா என்று, அறுபதை எட்டிக்கொண்டிருந்த அம்மாள். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நடவும் களையெடுப்புமாக ஓடியவர். மகன் படித்து, ஓசூரில் வேலைக்குப் போய், அம்மாவுக்குக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டிக் கொடுத்தார். அப்புறம் மாடியில் சோலாரும் போடலாம் என்று ஆசைப்பட்டு எங்களுக்குப் போன் செய்தார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். அஞ்சலை அக்கா வாசற்படியை மறித்து நின்றார்.

"மாடியில ஓட்டை போடுவீங்களாமே?"

நான் என் வழக்கமான பேச்சை எடுத்துவிட்டேன். கரண்ட் பில் மிச்சம், மின்விசிறி, மிக்ஸி என்று. அந்த அம்மாள் என் பக்கமே திரும்பவில்லை. அவரைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, நான் கூரை வீட்ல பொறந்து, கூரை வீட்ல வாக்கப்பட்டு, கூரை வீட்ல புள்ள பெத்தவ. மழை வந்தா அந்த வீட்ல ஒரு மூலைதான் காஞ்சு இருக்கும். புள்ளைங்கள அதுல படுக்கப்போட்டுட்டு நான் குண்டானை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். விடிய விடிய உக்காந்திருப்பேன். இந்த வீட்டுக்கு வந்த பொறவுதான் மழை பெய்யிறப்ப தூங்குறேன். எனக்குக் கரண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தத் தூக்கத்துல ஓட்டை போட்டுடாதீங்க."

இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"அக்கா, வேணாம்னா இப்படியே போயிடுறோம். போடச் சொன்னீங்கன்னா, மழை வர்றப்ப நானே வந்து இங்க படுத்துப் பாக்குறேன். சொட்டினா என் நெத்தியில சொட்டட்டும். அன்னைக்கே எல்லாத்தையும் கழட்டிட்டு, தளத்தைப் பழையபடி ஆக்கிக் குடுத்துட்டுப் போறேன்."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மகன் போன் செய்து, அந்தச் சார் வருவதாக இருந்தால் சரி என்று அம்மா சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அந்த வீட்டில் அவர் செய்த வேலை மாதிரி நான் எங்கும் பார்க்கவில்லை. உத்திரம் ஓடுகிற இடமாகப் பார்த்துக் கால் நிறுத்தினார். பாத்தியில் ஒரு ராத்திரி நிற்க வேண்டிய தண்ணீரை மூன்று ராத்திரி நிற்கவிட்டார். கைப்பிடிச் சுவரில் கொடி கட்டிக் கொடுத்தார். எல்லாக் காலுக்கும் கீழே படுத்தார். சீலிங் சருகாகக் காய்ந்து கிடந்தது. ஐப்பசி மழைக்கும் சொன்னபடி போய்ப் படுத்துவிட்டு வந்தார். ஒரு சொட்டு இல்லை. முதுகெல்லாம் புழுதியோடு ஆபீஸுக்கு வந்து, எங்கள் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

கார்த்திகையில் புயல் வந்தது. கரையைக் கடந்து போன மறுநாள் காலை, எப்படியோ கொஞ்சம் டவர் கிடைத்து, அஞ்சலை அக்காவின் குரல்.

"சார் இருக்காரா? சொட்டுது."

அந்த ஒரு வார்த்தைதான். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் என்னவோ செய்தது. வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. அவருடைய மொபெட்டை இரண்டு பேரும் தள்ளுவதும் ஏறுவதுமாகப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே அறையில் குண்டான் வைத்திருந்தது. பக்கத்து மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பிள்ளைகள் இல்லை, கூரை இல்லை, ஆனால் அவர் சொல்லியிருந்தாரே, அதே உட்கார்வு.

இவர் குண்டானை நகர்த்திவிட்டு அந்த ஈரத்திலேயே படுத்தார். நெற்றியில் விழுந்தது. சொன்ன வாக்கு அப்படியே பலித்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். படுத்திருக்கும்போது கண்ணை மூடுகிற ஆள் இல்லை அவர்.

மாடிக்கு ஏறினோம். கிழக்கு ஓரத்துக் காலில் தடியான தாம்புக் கயிறு சுற்றியிருந்தது. கயிறு கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய், கொல்லையில் நிற்கிற பூவரசு மரத்தில் இறுக்கிக் கட்டியிருந்தது. ராத்திரி பூரா அந்த மரம் பேயாட்டம் ஆடியிருக்கிறது. ஆடினபோதெல்லாம் காலைப் பிடித்து வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. மேடை பிளந்து, போல்ட்டைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு விரிசல்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருக்கா இதைக் கட்டினது? யாரு கட்டச் சொன்னா?" என்று கத்தினேன்.

அஞ்சலை அக்கா மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். "நான்தாம்மா கட்டுனேன். புயல் வருதுன்னு மைக்குல சொன்னாங்க. கூரைக்குக் கயிறு போட்டுக் கட்டலேன்னா தூக்கிட்டுப் போயிடுமே. இது பலகை பலகையா மேல நிக்குதே, பறந்துடும்னு பயந்து கட்டுனேன்."

புயல் என்றால் கூரையின் மேல் கயிறு வீசி மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து அந்த அம்மாள் செய்துவந்த காரியம் அது. வீட்டைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அதுதான். என் கோபம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

இவர் முடிச்சை அறுக்கவில்லை. பொறுமையாக அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி, தண்ணீரை உதறி, அந்த அம்மாள் கையில் கொடுத்தார்.

"கொடி கட்டுவாங்கன்னு யோசிச்சேன். கூரை கட்டுவாங்கன்னு யோசிக்காம விட்டுட்டேனே" என்றார். "இது என் தப்பு அக்கா. புயல் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு நான் கேட்டிருக்கணும்."

"நான் கட்டாம இருந்திருந்தா ஒழுகியிருக்காதா?"

"ஒழுகியிருக்காது. ஆனா கட்டாதீங்கன்னு நான் சொல்லலையே. கழட்டச் சொன்னா இப்பவே கழட்டிடுறேன். அப்படித்தான் பேச்சு."

அந்த அம்மாள் கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு பூவரசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கழட்ட வேணாம். எனக்கு மழையில தூக்கம் வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார்.

ஈரத்தில் அடைப்பு நிற்காது. அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தோம். வெயில் முகம் காட்டிய நாளெல்லாம் அவர் மொபெட்டில் ஓடினார். பிளந்த மேடையை உடைத்து எடுத்து, துளையைக் காயவைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். களிமண், பாத்தி, தண்ணீர். கடைசி நாள் நானும் போயிருந்தேன். தரையில் துண்டை உதறிப் படுக்கப் போனவர், நிமிர்ந்து அந்த அம்மாளைக் கூப்பிட்டார்.

"நான் ஒழுகலேன்னு சொன்னா நம்பாதீங்க அக்கா. நீங்களே படுத்துப் பாருங்க."

"போங்க ஐயா, ஆம்பளைக்கு எதுத்தாப்ல பொம்பளை படுக்குறதாவது" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார் அஞ்சலை அக்கா. அப்புறம் என்ன தோன்றியதோ, பாயை எடுத்து எதிர் மூலையில் போட்டுப் படுத்தார். நான் வாசற்படியில் நின்றேன். இரண்டு பேரும் சீலிங்கைப் பார்த்தபடி கிடந்தார்கள். மேலே பாத்தி நிறையத் தண்ணீர்.

"இப்படி மேல பாத்து நான் படுத்ததே இல்ல" என்றார் அந்த அம்மாள். "கூரையில மேல பாத்துப் படுத்தா கண்ணுல ஏதாவது விழும். ஒருக்களிச்சே பழகிடுச்சு."

"எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு."

அழுதுவிட்டேன், சொல்வதற்கு என்ன வெட்கம். துணி காய்கிறதா பார்க்கிறேன் என்று மாடிக்கு ஓடிவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய முதல் கேள்வி, "புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்பதுதான். ஜன்னலைச் சாத்துவோம் என்பார்கள். பலகை சாய்ந்துவிடாமல் சட்டத்தில் மணல் மூட்டை தொங்கவிடுவோம் என்று ஒருவர் சொன்னார். புயல் கிடக்கட்டும், கார்த்திகைத் தீபத்துக்கு மாடியில் நல்ல உயரமாக ஒரு கம்பு நட்டு விளக்கேற்றுவோம், அதைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். அது நடக்காதபடிக்கோ, நடந்தாலும் கால் தாங்குகிறபடிக்கோ, ஏதாவது ஒன்று செய்துவிட்டுத்தான் துளை போடும் மிஷினைத் தொடுவார். வேலை இன்னும் இழுத்தது. நான் இன்னும் திட்டு வாங்கினேன். ஆனால் அவரோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன்.

அஞ்சலை அக்கா ஒவ்வொரு வருஷமும் முதல் பெரிய மழைக்கு ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்வார். அந்தப் போன் என்னிடம்தான் இருக்கும். விடிந்தும் விடியாமலும் அடிக்கும். "படுத்துப் பாத்துட்டேன். சொட்டு இல்லன்னு சார்கிட்ட சொல்லிடுங்க." நான் சொல்வேன். அவர் தலையாட்டுவார். ஆனால் முகத்தில் முழுத் திருப்தி இருக்காது.

"இன்னும் என்ன சார்?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"சொட்டு இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது அவங்களுக்கு? ராவெல்லாம் முழிச்சுப் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. நான் ஒழுகறதை நிறுத்திட்டேன். தூக்கத்தைத் திருப்பிக் குடுக்கலையே. படுத்துப் பாருங்கன்னு நான்தான் சொல்லித் தொலைச்சேன்."

நான் அதை அப்படி யோசித்ததே இல்லை. அவருக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. டீக்கடையில் காலைப் பற்றிப் பெருமை பேசுவதைக்கூட அந்தப் புயலோடு விட்டுவிட்டார்.

எத்தனையோ மாடி ஏறி இறங்கியவர், போன வருஷம் சொந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து, இப்போது திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். கட்டிலில் மல்லாந்து கிடந்தார். "இப்ப நாள் பூரா படுத்தே கெடக்குறேன். பாக்குறதுக்குத்தான் ஒரு கால் இல்ல" என்று சிரித்தார். மகள் வீட்டுச் சீலிங்கில் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காட்டி, அங்கே எதிர்காலத்தில் ஓதம் வரும் என்றார். மகளுக்குக் கோபம்.

இந்த ஐப்பசியில் முதல் பெரிய மழை ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அஞ்சலை அக்கா கூப்பிடவில்லை. ஏழு மணி ஆயிற்று, எட்டு மணி ஆயிற்று. வயதான மனுஷி, தனியாக இருக்கிறவர். கடைசியில் நானே போன் செய்தேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"அக்கா, மழை பேஞ்சுதே. ஒழுகுச்சா? ஒண்ணும் சொல்லலையே?"

"மழையா? எப்ப?"

"ராத்திரி பூராவும்க்கா. இடி வேற."

போனைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு நடக்கிற சத்தம் கேட்டது.

"அடி ஆத்தி! ஆமாம்மா, வாசலெல்லாம் தண்ணியா நிக்குது. எனக்குத் தெரியவே இல்லையே. தூங்கிட்டேம்மா."

உடனே திருச்சிக்குப் போன் போட்டேன். மகள் எடுத்து அவர் காதில் வைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"தூங்கிட்டாங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"நல்லா விசாரிச்சியா? உடம்பு கிடம்பு சரியில்லாமப் படுத்துட்டாங்களா?"

"இல்ல சார். கணீர்னு பேசுறாங்க. மழை பேஞ்சதே தெரியாதாம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. எப்படியும் ஏதாவது கேட்பார், விடிந்த பிறகாவது சீலிங்கைப் பார்த்தார்களா, எந்தக் காலுக்குக் கீழே பார்த்தார்கள் என்று கேட்பார் என்று நான் பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இனிமே மழை பெஞ்சா நீ அங்க போன் பண்ணிக் கேக்காதே" என்றார். "அவங்க தூங்கட்டும்."